கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அமானிதம்

ஆசிரியர் பணியைப் பற்றி நம் இல்லங்களில் நெடுங்காலமாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது. பெண்பிள்ளைக்கு ஏற்ற பணி, மாலையில் வீடு திரும்பிவிடலாம், விடுமுறை அதிகம், மாப்பிள்ளை வீட்டாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். ஆண்பிள்ளை என்றால் பேச்சு சற்று மாறும். பொறியியல் படித்தும் வேலை அமையவில்லை, வளைகுடாவுக்கு விசாவும் வரவில்லை, சரி, பி.எட். படிக்கட்டும். இவ்விரு பேச்சிலும் ஒருவர் இடம்பெறுவதே இல்லை. அந்த ஆசிரியரின் முன்னால் நாளை அமரப்போகும் குழந்தைதான் அவர்.

நாம் மோகனூர் வட்டாரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியராகவும் தமிழ் கற்பிப்பவராகவும் பொறுப்பேற்று ஓராண்டு நிறைவுறுகிறது. ஓராண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு கல்வியைப் பற்றிக் கருத்துரைக்கலாமா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்கக்கூடும். கேட்டால் அது நியாயமான கேள்வியே. எனினும் புதிதாக வருபவரின் கண்ணில் படுகிற சில காட்சிகள் பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. அவ்வாறு ஆவதற்கு முன் நம் சமுதாயத்துப் பெற்றோர்களிடமும், இவ்வாண்டு ஆசிரியராகப் போகிற நம் பிள்ளைகளிடமும் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் மோகனூர். பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டத்து வாங்கல். கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த பகுதி. சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்திருப்பதும் இங்கேதான். நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்த வெ. இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19 அன்று பிறந்த ஊரும் இதுவே. அவர் கவிஞரும் ஓவியரும் ஆவதற்கு முன் சிறிது காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார் என்ற செய்தி இவ்வூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்தப் பணியில் அவர் நிலைத்திருக்கவில்லை. அவருக்குக் கவிதை கிடைத்தது. மற்ற ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே நிலைத்தாக வேண்டும்.

வகுப்பறைக்குள் நுழையும் புதிய ஆசிரியரை முதலில் எதிர்கொள்வது இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே முன்வரிசையில் நான்கைந்து முகங்கள் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை உயரும். வீட்டுப்பாடம் முடிந்திருக்கும். புதியவருக்கு அந்த முகங்கள் பேராறுதல். நாளடைவில் பாடம் அவர்களை நோக்கியே நகரத் தொடங்கும். அவர்கள் தலையசைத்தால் வகுப்பு முழுவதும் தலையசைத்தது போலத் தோன்றும். பாடக்குறிப்பேட்டில் பாடம் முடிந்ததாகப் பதிவும் ஆகிவிடும். கல்வியியல் கல்லூரியில் படித்த கோட்பாடுகள் எல்லாம் இந்த ஒரு கவர்ச்சிக்கு முன் வலுவிழந்து நிற்பதைப் புதிய ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார்.

கடைசி வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்த்தால் வேறொரு கதை விரிகிறது. கரும்பு வெட்டும் பருவம் தொடங்கினால் பெற்றோருடன் தோட்டம் தோட்டமாகச் சென்று, வாரக்கணக்கில் பள்ளிக்கு வராமல் போகும் சிறுவன் அங்கே இருக்கிறான். திரும்பி வரும்போது பாடம் நான்கு இயல்களைத் தாண்டியிருக்கும். தந்தையின் கறிக்கடையில் ஞாயிறு விடியலுக்கு முன்பே எழுந்து நின்று, திங்கட்கிழமை வகுப்பில் தூங்கிவிடும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் தகப்பன் வடநாட்டிலிருந்து அழைத்துவந்த சிறுமி இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் காதில் விழும் மொழி. கரும்பலகை மங்கலாகத் தெரிவதை யாரிடமும் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தே இத்தனை ஆண்டும் எழுதிவந்த பெண்குழந்தை ஒருத்தி இருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அந்தத் திட்டம் அவளைச் சென்றடைய வேண்டுமானால், அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை ஓர் ஆசிரியர் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. இப்பகுதியிலும் வடமாவட்டங்களிலும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி உர்தூ. பாட்டியிடமும் தாயிடமும் உர்தூ, தெருவில் கொங்குத் தமிழ், ஏட்டில் செந்தமிழ், மாலையில் அரபி எழுத்து என்று ஆறேழு வயதிலேயே நான்கு கரைகளுக்கு இடையே அந்தக் குழந்தை நீந்த வேண்டியிருக்கிறது. இது அறிவுக்குறைவு அன்று. இத்தனை மொழிகளைத் தாங்கும் குழந்தையைத் தமிழில் எழுத்துக்கூட்டத் திணறுகிறது என்ற ஒரே காரணத்தால் மந்தம் என்று குறித்து வைப்பது பெரிய அநீதி. அந்த முத்திரை ஐந்தாம் வகுப்பில் விழுந்தால் பத்தாம் வகுப்பு வரை தொடர்கிறது. பத்தாம் வகுப்போடு பையன் கடைக்குப் போய்விடுகிறான். ‘நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை’ என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

இது நடப்பது நாமக்கல் மாவட்டத்தில் என்பதையும் மறந்துவிடக்கூடாது. கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் பெயர் பெற்ற இம்மாவட்டம், ஒரு காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் அதே அளவு பெயர் பெற்றிருந்தது. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்ற கசப்பான சொல் தமிழுக்குக் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். 2017 மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் முறையை அரசு கைவிட்டது. பட்டியல் மறைந்தாலும் பட்டியல் உருவாக்கிய மனநிலை மறையவில்லை. நம் ஜமாஅத் விழாக்களில் மேடையேற்றிப் பரிசளிக்கப்படுவோர் யார் என்று பாருங்கள். முதல் மூன்று மதிப்பெண் பெற்றவர்கள். பள்ளிப்படிப்பை விட்டுவிட இருந்து, பிறகு மனம் மாறி எட்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளைக்கு எந்த மேடையிலும் சால்வை இல்லை. முதல் மூவரைப் பாராட்டுவது தவறன்று. ஆனால் புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியருக்கு அந்த மேடை ஒரு செய்தியைச் சொல்கிறது. முன்வரிசையைக் கவனி, உன் பெயர் நிலைக்கும் என்பதே அச்செய்தி.

வகுப்பறையில் ஒரு குழந்தை எங்கே அமர்கிறது என்பது சிறிய விஷயமன்று என்பதற்குத் தமிழ் முஸ்லிம்கள் எல்லோரும் அறிந்த சான்று ஒன்றுண்டு. 1931இல் இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள், தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தொடக்கப்பள்ளி நாட்களை நினைவுகூர்கிறார். ஐந்தாம் வகுப்பில் அவர் தலையில் தொப்பி அணிந்து முதல் வரிசையில் அமர்வார். பக்கத்தில் அமர்பவர் கோயில் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரியின் மகன், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி. அப்போது பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். அர்ச்சகர் மகனும் முஸ்லிம் சிறுவனும் அருகருகே இருப்பதை அவரால் ஏற்க இயலவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். தாம் பின்னால் செல்லும்போது நண்பன் அழுத காட்சி தம் மனத்தில் நீங்காமல் பதிந்துவிட்டதாகக் கலாம் எழுதுகிறார்.

இந்த நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் மத நல்லிணக்கத்துக்கான எடுத்துக்காட்டாக மட்டுமே மேடைகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஓர் ஆசிரியராக இருந்து படிக்கும்போது அதில் வேறு சில நுட்பங்களும் புலப்படுகின்றன. அந்த ஆசிரியர் எவரையும் அடிக்கவில்லை. இடத்தை மாற்றச் சொன்னார், அவ்வளவே. குழந்தை அதை வாழ்நாள் முழுவதும் சுமந்தது. அடுத்ததாக, தவற்றைத் திருத்தியவர் கல்வி அதிகாரி அல்லர், ஒரு பெற்றோர். பிள்ளைகள் வீட்டில் சொன்னதும் இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்துவரச் செய்து, கபடமற்ற குழந்தைகளின் நெஞ்சில் ஏற்றத்தாழ்வையும் மதவெறுப்பையும் விதைக்கலாகாது என்று கண்டித்தார். தம் மகனுக்கு நேர்ந்த குறைக்காக அவர் பேசவில்லை. அவருடைய மகன் முன்வரிசையில்தான் இருந்தான். பிறர் பிள்ளைக்காகப் பேசினார். மூன்றாவதாக, அந்தப் புதிய ஆசிரியர் வருந்தித் திருந்தினார் என்பதையும் கலாம் மறவாமல் குறிப்பிடுகிறார். புதிய ஆசிரியர் திருந்தக்கூடியவர். அவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஊர் இருக்க வேண்டும்.

அதே இராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியரும் கலாமுக்கு வாய்த்தார். பறவை எவ்வாறு பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டபோது புரியவில்லை என்று கலாம் சொன்னார். வேறு பல பிள்ளைகளும் அவ்வாறே சொன்னார்கள். ஐயர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். ஒரு விண்வெளிப் பொறியாளர் அந்த மாலையில் உருவாகத் தொடங்கினார் என்று எல்லோரும் சொல்வார்கள். நமக்கு வியப்பளிப்பது அதற்கு முந்தைய கணம். ‘புரியவில்லை’ என்று ஒரு பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வகுப்பாக அது இருந்திருக்கிறது. நம் வகுப்பில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்க மூன்று மாதங்கள் ஆயின.

2025 ஜூலை மாதத்தில், வகுப்பறை இருக்கைகளைத் தமிழ் எழுத்தான ‘ப’ வடிவில் அமைக்கலாம் என்று பள்ளிக் கல்வித்துறை கூறியதும் ஊரெங்கும் அதுவே பேச்சாயிற்று. கடைசி வரிசை என்ற ஒன்றே இராது என்பது அதன் நோக்கம். மலையாளத் திரைப்படம் ஒன்றைத் தொடர்ந்து கேரளத்துப் பள்ளிகள் சில இதைச் செய்துபார்த்த செய்தி முன்னரே பரவியிருந்தது. பக்கவாட்டில் அமரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும், சிறிய அறைகளுக்குப் பொருந்தாது என்ற மறுப்புகளும் எழுந்தன. மறுப்புகளில் உண்மை இருக்கிறது. நம் அறையின் அளவுக்கு அந்த வடிவம் முழுமையாகப் பொருந்தவில்லை. ஆயினும் அந்த யோசனையை ஏளனம் செய்தவர்களோடு நாம் உடன்படவில்லை. பெஞ்சை எவ்வடிவில் போட்டாலும் ஆசிரியரின் கண் எங்கே போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஒரு கடைசி வரிசை உருவாகிவிடும் என்பது மெய்தான். ஆனால் பெஞ்சு நகரும்போது, அந்தக் கண்ணும் சில நாட்களுக்காவது பழைய தடத்தை விட்டு நகர்கிறது.

அல்குர்ஆனின் எண்பதாவது அத்தியாயம் எந்தச் சூழலில் அருளப்பட்டது என்பது நம் பிள்ளைகளும் மக்தபில் கேட்டறிந்த வரலாறு. குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள ஆவலோடு வந்தார்கள். செல்வாக்குடையோர் பக்கம் கவனம் இருந்த அந்தக் கணத்தை அல்லாஹ் சுட்டிக்காட்டினான். தேடி வந்தவரே முதன்மையானவர் என்று உணர்த்தினான். பின்னாளில் அந்தத் தோழர் பாங்கு சொல்பவராக இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சமயங்களில் பலமுறை அந்நகரின் பொறுப்பும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில், யாரை நோக்கி முகம் திரும்ப வேண்டும் என்பது இத்தனை அழுத்தமாக இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியர் பணிக்குச் செல்லும் முஸ்லிம் ஒருவருக்கு இதைவிட நேரடியான வழிகாட்டுதல் வேறென்ன வேண்டும்?

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் நம்மவர்கள் சிலர் அன்போடு சொல்லும் ஒரு வாசகம் இருக்கிறது. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், நாங்கள் கேட்கமாட்டோம் என்பார்கள். ஆசிரியர் மீதுள்ள மதிப்பைக் காட்டுவதாக எண்ணியே அவ்வாறு சொல்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னால், சட்டம் கிடக்கட்டும் என்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சுன்னத்தைப் பார்ப்போம். முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் மார்க்கத்துக்குப் புதியவராக இருந்த காலத்தில், கூட்டுத்தொழுகையின் நடுவே தும்மியவருக்கு உரத்த குரலில் பதில் கூறிவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள், தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தொழுகை எதற்குரியது என்று எடுத்துரைத்தார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் சொன்னது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், கடுமையோடு வளர்க்கப்படும் மாணவன் பொய்யையும் சோம்பலையும் பழகிக்கொள்கிறான் என்று தம் ‘முகத்திமா’ நூலில் விரித்துரைத்தார். பிரம்பைக் கேட்கும் தந்தையிடம் நாம் இந்த இரண்டையும் சொல்கிறோம். சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, அடிக்காமல், அதட்டாமல், கடைசி வரிசையில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வது? அரசு சும்மா இருக்கவில்லை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. நடுநிலை வகுப்புகளில் பின்தங்கியோருக்கு 2025இல் ‘திறன்’ வந்தது. இவை நல்ல நோக்கமுடையவை. எனினும் திட்டம் கையேடாக வருகிறது, பயிற்சியாக வருகிறது, எமிஸ் செயலியில் நிரப்ப வேண்டிய கட்டங்களாகவும் வருகிறது. கட்டங்களை நிரப்பும் நேரத்தில் பிள்ளை காத்திருக்கிறது.

நமக்கு வழி காட்டியது நம் பள்ளிவாசலை ஒட்டிய மக்தப். கறிக்கடைப் பிள்ளை என்று மேலே குறிப்பிட்டோமே, தமிழ்ப் பாடநூலில் ஒரு வரியைப் படிக்க முடியாத அதே சிறுவன் மாலையில் ஹஜ்ரத்தின் முன் அமர்ந்து அரபி எழுத்துகளை நெடிலும் குறிலும் பிசகாமல் ஓதுகிறான் என்று அறிந்தபோது நாம் வியந்தோம். எழுத்தை ஒலியாக மாற்றும் ஆற்றல் அவனிடம் இருக்கிறது. அப்படியானால் பள்ளியில் தடை எங்கே? மக்தபின் நடைமுறையைக் கவனித்தபோது விடை தெரிந்தது. அங்கே வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வரும்போது உஸ்தாதின் முன் வந்து அமர்ந்து, தனக்குரிய பாடத்தை ஓதிக்காட்ட வேண்டும். சரியாக ஓதினால் மறுநாள் அடுத்த பாடம், தவறினால் அதே பாடம். ஒருவன் பத்தாவது ஜுஸ்உவிலும் இன்னொருவன் முதல் எழுத்திலும் இருக்கலாம், அதில் அவமானம் ஏதுமில்லை. நாள்தோறும் சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு பிள்ளையும் முதல் வரிசையில் இருக்கிறது. மக்தபில் குறைகளே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை, பிரம்பு அங்கும் உண்டு, பொருள் விளங்காமல் ஒலியோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் குரலையும் தனித்தனியே கேட்கும் இந்தப் பழைய முறையை, நவீனப் பள்ளி எங்கோ தவறவிட்டுவிட்டது.

ஆகவே நாம் செய்யத் தொடங்கியது மிக எளியது. வகுப்பில் 30 பேர். நாளொன்றுக்கு 6 பேர், ஒருவருக்கு மூன்று நிமிடம். மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்கு முன்னுள்ள இடைவேளையில், வேப்பமரத்தடியில், பக்கத்தில் அமர்ந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் இல்லை. மற்றவர் கேட்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை முப்பது குரல்களையும் கேட்டுவிடலாம். மிகவும் பின்தங்கிய எட்டுப் பேரை மட்டும் காலையிலும் ஒருமுறை கேட்போம். உர்தூ பேசும் பிள்ளைக்கு அவன் வீட்டுச் சொல்லிலிருந்தே தமிழ்ச் சொல்லைக் காட்டினோம். ‘தயார்’, ‘வசூல்’ என்று பள்ளியில் புழங்கும் சொற்களில் எத்தனை அவன் வீட்டிலும் பழகியவை என்று எண்ணச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைக் காண வேண்டும். ஆண்டு இறுதியில் அந்த எட்டுப் பேரில் ஐவர் பாடநூலைத் தட்டுத் தடுமாறியேனும் தாமே படிக்கிறார்கள். கரும்பு வெட்டப் போன சிறுவன் இரண்டாம் பருவத்தில் நெடுநாள் வரவில்லை, அவனுக்கு ஏறக்குறைய மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. மற்ற இருவர் எழுத்துக்கூட்டும் நிலையிலேயே இருக்கிறார்கள். மகத்தான வெற்றி என்று சொல்ல ஒன்றுமில்லை. எனினும் யார் எங்கே நிற்கிறார் என்று முப்பது பேரைப் பற்றியும் இன்று நம்மால் சொல்ல முடியும்.

ஆசிரியராக விரும்பும் நம் பிள்ளைகளிடம் எதிர்கால இலக்கு என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் ஆசிரியர் தகுதித் தேர்வு என்பார்கள். 2010இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதித்த தகுதி அது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்போருக்கும் அது கட்டாயம் என்றும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தேர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற வினாவைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. அரசியல் சட்டம் சிறுபான்மையினருக்குத் தந்த உரிமை காக்கப்பட வேண்டியதே, அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் விலக்கு கிடைத்தால் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, தகுதி குறைந்தவரைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தும் வழியாக நம் பள்ளி நிர்வாகங்கள் பயன்படுத்துமானால், இழப்பு நம் பிள்ளைகளுக்கே. நம் சமுதாயத்துப் பெண்கள் பலர் பி.எட். முடித்து, மிகச் சொற்ப ஊதியத்தில் இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளியில் கற்பித்து, வகுப்பறை கைவசப்படத் தொடங்கும் வேளையில் திருமணத்தோடு விலகிவிடுகிறார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் அனுபவம் வீணாகிறது, அந்த இடத்துக்கு மற்றுமொரு முதலாண்டு ஆசிரியர் வருகிறார், கடைசி வரிசை மீண்டும் காத்திருக்கத் தொடங்குகிறது. மணமகன் வீட்டார் ஜஹேஸைப் பற்றிப் பேசும் நேரத்தில் இதைப் பற்றியும் பேசினால் என்ன?

ஒன்பதாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த இப்னு சஹ்னூன், ஆசிரியர்களின் ஒழுக்கங்கள் குறித்து ஒரு தனி நூல் எழுதினார். பிள்ளைகளிடையே நீதி காப்பதற்கென்று அதில் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். ஊதியம், விடுமுறை, விடுமுறை நாளுக்குப் பணம் கேட்கலாமா என்பன போன்ற நடைமுறைக் கேள்விகளோடு சேர்த்தே அதையும் பேசுகிறார். நீதி என்பது ஓர் உயர்ந்த இலட்சியமாக மட்டும் அல்லாமல், தினசரி வேலையின் ஒரு பகுதியாக அங்கே இடம்பெறுகிறது. நம் தொழில் இலக்கு என்னவென்று எவரேனும் கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்ல விரும்புகிறோம். தேர்வுகள் வரும், பதவி உயர்வும் வரலாம். இப்போதைக்கு, அடுத்த மூன்றாண்டுக்குள் நம் கையை விட்டு எட்டாம் வகுப்பைக் கடக்கும் பிள்ளைகளில் தாய்மொழிப் பாடநூலைத் தானே படிக்க முடியாதவர் ஒருவரும் இருக்கக்கூடாது.

இதைத் தனித்துச் செய்ய முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் தாய்மார்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவது மிகக் குறைவு. ‘எங்களுக்கு என்ன தெரியும்’ என்று தயங்குகிறார்கள். தம் பிள்ளை இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறது, எந்த எழுத்தில் திக்குகிறது, எந்தக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னால் போதும். இலட்சுமண சாஸ்திரியைப் போல அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், மோகனூரில் மக்தப் நடத்தும் ஹஜ்ரத்தை அஸ்ர் தொழுகைக்குப் பின் சந்திக்க இசைவு பெற்றிருக்கிறோம். அவரிடம் ஓதும் பிள்ளைகளின் பட்டியலும் நம் வருகைப் பதிவேடும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும். யார் எங்கே தடுமாறுகிறார் என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். கறிக்கடைக்காரத் தந்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.